காரமான கேள்விகள், நீர்த்த பதில்கள்

சுன்னாகம் வாசகர்: முள்ளங்கியில் சத்து என்று ஏதேனும் உண்டா? சந்தையில் வெள்ளைத் தண்ணீரைத்தான் நிறுத்து விற்கிறார்களா?

தங்கள் சந்தேகத்தில் நியாயம் உண்டு. நூறு கிராம் பச்சை முள்ளங்கியில் ஏறத்தாழ 95 கிராம் நீராகவே இருக்கிறது. ஆயினும், எஞ்சிய சொற்பத்துக்குள் 22 மில்லிகிராம் விற்றமின் சியையும், 227 மில்லிகிராம் பொற்றாசியத்தையும், ஒன்றரைக் கிராமுக்குச் சற்று மேற்பட்ட நாரையும் அடக்கிக்கொண்டு, கலோரிக் கணக்கில் 18ஐ மாத்திரமே நம் தலையில் சுமத்துகிற ஒரு மரக்கறியை, நீரிழிவுக்காரரும் உடல் பருத்தவரும் ஆசனமிட்டு வரவேற்க வேண்டாமா? தண்ணீருக்குக் காசு கொடுப்பது நஷ்டமென்றால், இளநீர் வாங்கும்போது தாங்கள் ஏன் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை?

பருத்தித்துறை வாசகி: முள்ளங்கி குளிர்ச்சி, தின்றால் தடிமன் பிடிக்கும் என்று மாமியார் தடுக்கிறாரே?

தடிமன் வைரசினால் வருவது. மினிபஸ்ஸில் பக்கத்திலிருந்து தும்முகிறவரிடம் அது உண்டு, முள்ளங்கியிடம் இல்லை. இதனை மாமியாருக்கு எடுத்துரைக்கும் பொறுப்பைத் தங்கள் கணவரிடம் விட்டுவிடுவது உத்தமம்.

உரும்பிராய் வாசகர்: பச்சையாக உறைக்கிற முள்ளங்கி, பாற்கறியில் மட்டும் சாதுவாகிவிடுவது ஏன்?

மண்ணில் கிடக்கும்வரை, கந்தகம் கலந்த குளுக்கோசினோலேற்று என்னும் பொருளும், அதனைச் சிதைக்கவல்ல மைரோசினேசு என்னும் நொதியும், வேலி வழக்கில் பிரிந்த பங்காளிகளைப்போல ஒரே கிழங்குக்குள் ஒன்றையொன்று பாராமல் குடியிருக்கின்றன. கத்தியோ துருவலோ இடைச்சுவரைக் கிழித்து இரண்டையும் சந்திக்க வைத்த கணத்திலேதான் உறைப்பு ஜனிக்கிறது. கொதிக்கும் சட்டி அந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிடுவதோடு, மாச்சத்தைச் சீரணிக்கத் துணைபுரியும் அமிலேசு நொதியையும் சேர்த்தே அழித்துவிடுகிறது. ஜப்பானியர் தெம்புரா என்னும் எண்ணெய்ப் பொரியலோடு முள்ளங்கியைப் பச்சையாகத் துருவி வைப்பது வெறும் அலங்காரத்துக்காக அன்று. நாமும் இடையிடையே அதைத் துருவி, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேசிப்புளி கூட்டிச் சம்பலாக உண்ணலாம். அந்த உறைப்பு புற்றுநோயையே துரத்திவிடும் என்று கதைப்போரும் உளர். ஆய்வுகூடத்துக் கலங்களில் காண்பது வேறு, மனித சரீரத்தில் நிரூபிப்பது வேறு.

நெல்லியடி வாசகி: தைரொயிட் குறைபாடு உள்ளவர் உண்ணலாமா?

கோவா, நோகோல் ஆகியவற்றின் உறவினம் இது. அயடின் குறைந்தவர் பச்சையாக மிகுதியாய் உண்டால் தைரொயிட்டின் வேலைக்கு இடைஞ்சல் நேரலாம். அளவோடு சமைத்து, அயடின் சேர்த்த உப்போடு உண்பதற்கு அச்சம் வேண்டுவதில்லை. மருந்து எடுப்பவர் தம் வைத்தியரைக் கேட்கட்டும். பத்திரிகைக்காரனைக் கேட்க வேண்டாம்.

கோண்டாவில் தோட்டக்காரர்: செம்மண்ணில் பாடுபட்டு விளைவித்த முள்ளங்கியின் இலையை, வாங்குவோர் சந்தையிலேயே ஒடித்து எறிகிறார்களே?

கிழங்கைவிட இலையில்தான் கல்சியமும் விற்றமின் சியும் அதிகம். சுண்ணாம்புக் கல்லின்மேல் வீடு கட்டிக் குடியிருந்துகொண்டு, வறைக்கு உதவும் இலையைச் சந்தையிலே வீசிவிட்டு, திரும்பும் வழியில் பாமசியிலே கல்சியக் குளிசை வாங்குகிற நம்மவரின் சாமர்த்தியத்தை என்னென்பது! பூச்சிமருந்து அடித்த நாளை மறவாமல், உரிய இடைவெளி விட்டுப் பிடுங்குங்கள். பின்பு இலைக்குத் தனி விலை சொல்லிப் பாருங்கள்; காசு கொடுத்து வாங்கிய பொருளை யாழ்ப்பாணத்தவர் எறிந்ததாகச் சரித்திரம் இல்லை.