கப்பலில் சூட் எடுத்தல் தகுமா? உப்பளக் கரையை முன்வைத்து ஒரு தடைவிடை ஆய்வு

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூன் மாதம் ‘எம்பிரஸ்’ என்னும் சொகுசுக் கப்பலைக் கொடியசைத்து அனுப்பிய நாள்தொட்டு, தமிழ் நடுத்தர வர்க்கத்தின் முன் ஒரு தத்துவச் சிக்கல் வந்து நிற்கிறது. சன்னல் இல்லாத உள்ளறைக்குப் பணம் கட்டியாயிற்று, பெட்டியும் கட்டியாயிற்று. அப்போது ஓர் அழைப்பு வருகிறது. இன்னும் கொஞ்சம் போட்டால் கண்ணாடிச் சன்னல் வைத்த அறை, அதற்கு மேலும் கொஞ்சம் போட்டால் பால்கனி, மனம் வைத்துப் போட்டால் சூட். போடுவதா, விடுவதா? எத்தனையோ துறைகளுக்குப் பல்கலைக்கழகங்கள் இருக்கை அமைத்திருக்கின்றன. இந்தக் கேள்விக்கு ஒரு முக்காலிகூடப் போட்டுக் கொடுத்தாரில்லை. அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம், சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் கடல்வழியில் கிடக்கும் மரக்காணம் உப்பளக் கரை. அங்கே சொகுசுக் கப்பல் எதுவும் நிற்பதில்லையே என்று வினவலாம். வினவுவோர் ஆய்வுலகை அறியாதவர். ஒரு பொருளோடு ஒட்டும் உறவும் இல்லாத இடத்திலிருந்து அதை ஆராய்வதற்குத்தான் நம்மிடம் நடுநிலை என்று பெயர்.

முதற்கண் பழஞ்சான்றுகள். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க நூலான ‘பெரிப்ளூஸ்’ இந்தக் கரையின் துறைகளாகக் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்றை அடுக்குகிறது. பொதுகே என்பது புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேடு என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். சோபட்மா மரக்காணமே என்று ஒரு சாராரும், இல்லை, அது வேறு ஊர் என்று மறு சாராரும் இன்றும் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். சிறுபாணாற்றுப்படையில் வரும் நல்லியக்கோடனின் எயிற்பட்டினமும் மரக்காணம்தான் என்பது அறிஞர் பலர் கொள்கை. இத்தனை சண்டைக்கு நடுவிலும் அந்தக் கிரேக்க நூலை நம் கேள்வியோடு பொருத்திப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பெருமரங்களைப் பிணைத்துக் கட்டிய ‘சங்கரா’, கங்கைக்கும் கீழைக் கடலுக்கும் போன மாபெரும் ‘கொலண்டியா’ என்று கப்பல்களை வகைப்படுத்திய அதன் ஆசிரியர், உள்ளே அறைகளின் வகை பற்றி மூச்சே விடவில்லை. மௌனம் சான்றாகாது என்பர். தமிழாய்வில் மௌனத்தைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது. கடலுக்குள் போன ஒரு கண்டத்தையே அதை வைத்து எழுப்பி நிறுத்தியிருக்கிறோம். ஆகவே கொலண்டியாவில் சூட் இருந்தது, அதன் கட்டணப் பட்டியலைக் கடல்கோள் கொண்டுபோயிற்று என்று நிறுவத் தடையேதுமில்லை. நிறுவாமல் விடுவது இக்கட்டுரையின் பெருந்தன்மை.

இனி வகைப்பாடு. உள்ளறைக்குச் சன்னல் இல்லை. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. கடல்முக அறைக்குச் சன்னல் உண்டு, திறக்காது. பால்கனி அறையின் கதவு திறக்கும், உப்புக்காற்று உள்ளே வரும். சூட் என்பது இவற்றோடு ஒரு சோபாவும் சேர்ந்தது. எல்லார் வீட்டிலும் போல அங்கும் அதில் துணிதான் உட்காரும். பயணத்தில் கூடுதலாக ஒரு வசதியைச் சேர்த்துக்கொள்வது மேனாட்டார் நமக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் என்பாரும் உளர். அது பொருந்தாது. உப்பு வணிகரான உமணர், வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென்று வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூறு பதிவு செய்திருக்கிறது. இன்னும் எழுதப்படாத ‘அறைநூல்’ என்னும் இலக்கண நூலுக்கு அதைப் படிக்காமலே உரை கண்ட ஒருவர், சேம அச்சின் நேர்வாரிசுதான் சோபா என்று முடிக்கிறார். ஏற்பதற்கில்லை. அச்சு முறிந்தால் சேம அச்சு உதவும். கப்பலில் எது முறிந்தால் சோபா உதவும் என்பதற்கு அவ்வுரையில் விளக்கமில்லை.

கடலை அருகில் பார்க்கத்தான் சூட் என்பது விற்பவர் தரப்பின் தலையாய வாதம். அளந்து பார்த்தால் அது நிற்காது. ‘எம்பிரஸ்’ 1990இல் பிரான்சில் கட்டப்பட்டு, வேறு பெயர்களில் வேறு கடல்களில் ஓடிவிட்டு இங்கே வந்தது. அதில் பயணிகளுக்கென்று 11 தளங்கள். இத்தகைய கப்பல்களில் சூட்டுகள் பெரும்பாலும் உயரத்தில் இருக்கும். மலிவான அறைகளில் பல அடியில் இருக்கும். அடித்தளத்தில் படுத்திருப்பவரை அலையிலிருந்து பிரிப்பது கொஞ்சம் தடுப்பும் ஓர் இரும்புத் தகடும். சூட்டில் படுத்திருப்பவரைப் பிரிப்பது பல மாடி உயரம். கப்பல் சாய்ந்து எழும்போது அந்த ஆட்டம் அடியிலும் நடுவிலும் குறைவு, உயரத்திலும் முனைகளிலும் அதிகம். ஆகக்கூடி, அதிகப் பணம் கட்டியவர் கடலை விட்டு அதிக தூரம் போய், அதிகமாக ஆடி, அதிகமாக வாந்தியெடுக்கும் உரிமையைப் பெறுகிறார். இதன் உண்மையை மரக்காணத்தில் பாத்தி பாத்தியாகப் பார்க்கலாம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அந்த நீரைப் பாத்தி மாற்றி மாற்றி வெயிலில் சுண்டவிட்டு, நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவையில் 25 பாகையை நெருங்கும்போது உப்புப் பூக்கிறது. ஒவ்வொரு பாத்தியிலும் நீருக்கு ஒரு படி உயர்வு. ஒவ்வொரு உயர்விலும் நீர் குறைவு. கடைசிப் பாத்தியில் மதிப்பு உச்சத்தில் இருக்கும், கடலைத்தான் காணோம். பயணியின் கைப்பணத்துக்கு நேர்வதும் இதுவே. ஆனால் உப்பளத்தில் முடிவில் பலகை போட்டு வார உப்பாவது மிஞ்சும். சூட்டில் மிஞ்சுவது பால்கனிக் கம்பியில் படியும் வெள்ளைப் பொருக்கு. வெயிலில் கால் வெடிக்க நின்று அதே பொருளை வாருகிறவர்களுக்குக் கூலியாவது கிடைக்கிறது. இவர் கட்டணம் கட்டிப் பெறுகிறார்.

இப்போது ஆய்வின் உயிர்நிலைக்கு வருகிறோம். அது குடை. 1906இல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்களைக் கொழும்புக்கு விட்டார். போட்டிக்கு நின்ற பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பிறகு இன்னும் குறைத்தது, கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு ஆளுக்கொரு குடையும் தர முன்வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கப்பற்பயணத்தில் கட்டியதற்கு மேல் வசதி தந்து ஆள் பிடிக்கும் கலைக்கு நம் கரையில் இதைவிடப் பெரிய முன்னுதாரணம் இல்லை. மேடைகளில் இதைச் சொல்லாத பேச்சாளர் இல்லை. ஆனால் எல்லாரும் குடையை ஒரே வரியில் விரித்து அதே வரியில் மடக்கிவிடுகிறார்கள். குடைக்கு எத்தனை கம்பி? பிடி வளைந்ததா, நேரானதா? கப்பலிலேயே விரிப்பதா, கொழும்பில் இறங்கியபின் விரிப்பதா? குடும்பமாகப் போனால் குழந்தைக்கும் உண்டா? அரைக்கட்டணக் குழந்தைக்கு அரைக்குடையா? கட்டணமே இல்லாதபோது அதில் பாதி எவ்வளவு? ஓர் இனத்தின் ஆய்வுமனம் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் நூறாண்டுக்கு மேல் உறங்கியிருக்கிறது. உறங்கிய காலத்துக்கும் பதவி உயர்வு வாங்கியிருக்கிறது.

குடையின் பொருள் குறித்து மூன்று கொள்கைகள் சாத்தியம். கூரைக் கொள்கையர் சொல்வது: திறந்த தளத்தில் குந்தியிருப்பவனுக்குத் தலைக்கு மேல் விரிந்த துணியே கூரை, அதன் நிழல்வட்டமே அறை, சுவரில்லாததால் நான்கு பக்கமும் பால்கனி, ஆகவே குடை ஒரு சூட். பாய்மரக் கொள்கையர் இதை மறுத்து, கடற்காற்றில் குடை விரித்தவன் கப்பலை முந்திக்கொண்டு கொழும்பு போய்ச் சேர்ந்துவிடுவான், கம்பெனிக்கு நிலக்கரிச் செலவு மிச்சம் என்கிறார்கள். கொற்றக் கொள்கையர் வாதமோ ஆழமானது. தமிழ் மரபில் குடைக்குக் கீழே இருப்பவன் அரசன். மூவேந்தருக்கும் சேர்த்துக் குடை மூன்றே. ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி ஒரே தளத்தில் நூற்றுக்கணக்கான வேந்தர்களை முடிசூட்டி உட்கார வைத்தால், ஒரு குடை இன்னொரு குடையின் எல்லையில் முட்டும். எல்லைப் போர் மூளும். போரில் இருப்பவன் சுதேசி பேச மாட்டான். இந்த மூன்றில் எது சரி என்பதற்கு, எந்த நூலகத்திலும் இல்லாத ஒரு நூலின், அச்சேறாத இரண்டாம் பாகத்தின், கிழிந்துபோன பின்னட்டையில், பெயர் தெரியாத ஒருவர் பென்சிலால் எழுதி இன்னொருவர் ரப்பரால் அழித்த குறிப்பே நமக்கு ஒரே ஆதாரம். அழிக்கப்பட்ட அந்தக் குறிப்பு கொற்றக் கொள்கையையே ஆதரிக்கிறது. அழித்தவர் பாய்மரக் கொள்கையர் என்பது அழிப்பின் வேகத்தால் போதரும்.

கேலி இருக்கட்டும், கொற்றக் கொள்கையர் ஓர் உண்மையைத் தொட்டுவிடுகிறார்கள். குடை மழையை மறைப்பதற்குமுன் பக்கத்தில் இருப்பவனை மறைக்கிறது. சூட்டும் அதைத்தான் செய்கிறது. கடலுக்கு விலை கிடையாது. உள்ளறைக்காரரும் மேல்தளத்துக்கு ஏறி வந்து வேண்டிய மட்டும் பார்க்கலாம். அங்கே அவருக்குக் கிடைக்காத ஒன்று, பக்கத்தில் வேறொருவர் நிற்காமல் இருப்பது. சூட்டுக்குக் கட்டும் மிகைப்பணம் முழுவதும் அதற்கான விலை. அதே கடல், அதே காற்று, அதே தூரத்து மரக்காணம். ஆனால் ‘சார், நீங்க எந்த ஊரு?’ என்று கேட்க ஆள் இல்லை. அந்த இல்லாமைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதே உண்மையான கேள்வி. சதுர அடிக் கணக்கெல்லாம் அதற்குப் போர்த்திய சால்வை.

இதற்குத் தடைகள் எழும். இது பழைய டெக் பயணத்தை மகிமைப்படுத்தும் பேச்சு என்பது முதல் தடை. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனது. 1970களின் தொடக்கம்வரை உழைத்தது. அதில் ஆயிரக்கணக்கானோர் தளத்தில் பாய் விரித்து, இதே கரையைப் பார்த்தபடி போனார்கள். அவர்களுக்குக் கடலும் மனிதரும் ஒருசேரக் கிடைத்தது உண்மை. அதில் இன்பம் கண்டதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கேபினில் போனவர்கள் என்பதும் உண்மை. நெரிசலும் நாற்றமும் எவரும் விரும்பித் தேர்ந்தவையல்ல. காசிருந்தால் அவர்களும் கதவு வைத்த அறைக்குப் போயிருப்பார்கள். எனவே தனிமைக்குப் பணம் கொடுப்பது குற்றம் என்று இக்கட்டுரை சொல்லவில்லை. கடலுக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கொடுப்பதே கணக்குப் பிழை. முழங்கால் வலிக்காரர், பகலில் படுக்க வேண்டிய முதியவர், கைக்குழந்தைக்காரர் ஆகியோர் இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே இருக்கிறார்கள்; அவர்கள் தாராளமாகப் போடலாம். வாழ்க்கையில் ஒருமுறைதானே என்பது அடுத்த தடை. உள்ளறையும் ஒருமுறைதான். சூட்காரருக்கு வரிசையில் முன்னுரிமை, இன்னும் பல இலவசங்கள் உண்டே என்றால், குடைப் பகுதியை மறுபடி வாசிக்கவும். சம்பந்தி வீட்டார் சூட் எடுத்துவிட்டார்களே என்பது கடைசித் தடை. இதற்கு மட்டும் விடையில்லை. தருக்க நூலார் எவரும் சம்பந்தியை ஒரு பிரமாணமாகக் கொண்டதில்லை என்றாலும், மற்ற எல்லாப் பிரமாணங்களையும் தள்ளிவிடும் வலு அதற்கு உண்டு.

இன்னொரு சான்று போதும். 2022இல் புதுச்சேரி ‘எம்பிரஸ்’ கப்பலுக்கு அனுமதி தரவில்லை. 2025 ஜூலையில் அது வந்தபோது கரையோடு ஒட்டாமல் தள்ளி நிற்க, பயணிகள் சிறு படகுகளில் ஏறிக் கரைக்கு வந்தார்கள். அந்தப் படகில் உள்ளறை என்றும் சூட் என்றும் பலகை பிரிக்க இடமில்லை. பல மாடி உயரத்தில் இருந்தவரும் அடியில் இருந்தவரும் முட்டியோடு முட்டி இடித்து உட்கார்ந்தாக வேண்டும். மிகைப்பணத்தின் செல்லுபடி படகு ஏணிவரைதான்.

ஆகவே தீர்ப்பு: இரண்டு மூன்று இரவுப் பயணத்துக்குச் சூட் தகாது, உள்ளறை எடுத்து, விழித்திருக்கும் நேரத்தை மேல்தளத்தில் கழிப்பதே முறை. சம்பந்தி உடன் வந்தால் இத்தீர்ப்பு செல்லாது. எப்படியும் பால்கனிதான் வேண்டும் என்று நிற்பவருக்கு ஒரு தகவல்: சென்னையிலிருந்து தெற்கே போகும் கப்பலில் கரை வலப்பக்கம் இருக்கிறது, இடப்பக்கத்துப் பால்கனியிலிருந்து பார்த்தால் அந்தமான்வரை தண்ணீர்தான். பணம் கட்டுமுன் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளவும்.