காபரேற்றர் காணாது

பொனற்றைத் தூக்கி முட்டுக்கம்பி கொடுப்பதற்குள் வந்து நிற்பார் காபரேற்றர் அண்ணை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இஞ்சின் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பாமல், நேரே காபரேற்றரைப் பார்ப்பார்.

"உது காணாது தம்பி."

அண்ணையின் சோதனை முறை ஒன்றே ஒன்றுதான். காற்று வடியைக் கழற்றச் சொல்லி, வலது கைப் பெருவிரலைக் காபரேற்றரின் வாய்க்குள் விடுவார். அந்த விரலில் பாதி நகம் இல்லை. எந்தக் காலத்திலோ அவுட்போட் மோட்டரின் இழுகயிறு சுற்றிப் பிடுங்கியது. மிச்ச நகத்தின் ஓரத்தில் முப்பது வருஷக் கரி. விரல் இறுக்கமாகப் போனால், "காணாது." லேசாகப் போனால் இரண்டு தரம் சுழற்றி, கண்ணை மூடி யோசித்து, "இதுவும் காணாது." விரலே போகாத சின்னக் காபரேற்றர் என்றால் பேச மாட்டார். செத்த வீட்டில் நிற்பவர் போலத் தலையை மட்டும் ஆட்டுவார்.

ஒருநாள் தோட்டத்து வாட்டர் பம் தண்ணீர் இறைக்கவில்லை. வந்தார், விரலை விட்டார், காணாது என்றார். கிணறு வற்றிக் கிடந்ததைப் பிறகுதான் கண்டோம். பக்கத்து வீட்டு லாண்ட்மாஸ்ரர் இழுக்கவில்லை என்றபோது காபரேற்றரைத் தேடி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அது டீசல் இஞ்சின். "அண்ணை, இதுக்குக் காபரேற்றரே கிடையாது" என்றோம். "பாத்தியே!" என்றார். "அதுதான் இழுக்குதில்லை."

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம், நான் அப்பாவின் ஒஸ்ரின் ஏ60 கேம்பிரிட்ஜை இறக்கிக் கட்டும்வரை. 1622 சிசி இஞ்சின். சிலிண்டர் தேய்ந்து புகை தள்ளியதால் நாற்பது ஓவர்சைஸ் போர் அடித்துப் புதுப் பிஸ்ரன் போட்டேன். அந்த வேலையில் கூடியது 43 சிசி. அரைக் கோப்பைத் தேத்தண்ணிகூட இல்லை. அண்ணைக்கு அது போதுமானதாக இருந்தது.

"இஞ்சின் பெருத்திட்டுது. வாய் மட்டும் பழைய வாய். என்னண்டு மூச்சு விடும்?"

அந்தப் பழைய வாய் ஒன்றேகால் அங்குல எஸ்யூ காபரேற்றர், ஏறக்குறைய 32 மில்லிமீற்றர். இஞ்சின் 4500 சுற்றில் 61 குதிரைவலு தருவதற்கென்று கொம்பனியே பூட்டிவிட்டது. அண்ணை எம்ஜிபியைக் காட்டினார்: 1798 சிசிக்கு ஒன்றரை அங்குலத்தில் ரெண்டு எஸ்யூ! உண்மைதான். அது 5400 சுற்றில் பறக்கப் பிறந்த கார். என்னுடையது ஏ32 வீதியில் மாடுகளுக்குக் கோண் அடித்துக்கொண்டு போகிற கார். அதைச் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. நாலு மூட்டை நெல்லு விற்ற காசோடு கொழும்புக்கு பஸ் ஏறி, பஞ்சிகாவத்தையில் 40 மில்லிமீற்றர் வாயுள்ள ஒன்றை வாங்கிவந்தேன்.

அண்ணை விரலை விட்டார். முதல்முறையாகச் சிரித்தார்.

வெள்ளாங்குளம் போவதற்குள் கார் ஏழு தரம் நின்றது. மிதித்தால் ஒரு விக்கல், பிறகு மௌனம். வீட்டுக்குக் கட்டி இழுத்து வந்த பிறகு மகள் கொப்பியில் கணக்குப் போட்டாள். 1665 சிசி இஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருதரம் வயிறு நிரப்பும். 4500 சுற்றில் முழுக்க நிரம்பினால் நிமிடத்துக்கு 3,750 லீற்றர் காற்று, நடைமுறையில் சுமார் 3,000. இதற்குப் பழைய வாய் தாராளம். வாயின் பரப்பை ஒன்றரை மடங்கு பெருப்பித்தால் காற்றின் வேகம் மூன்றிலொன்று குறைகிறது. ஜெற்றிலிருந்து பெற்றோலை இழுக்கிற உறிஞ்சல் பாதிக்கும் கீழே போகிறது. சோளகக் காற்று வெட்டையில் வீசுவதற்கும் இரண்டு மதிலுக்கு நடுவில் சீறுவதற்கும் உள்ள வித்தியாசம். எஸ்யூவிலே உள்ளிருக்கிற பிஸ்ரன் இஞ்சின் கேட்கிற அளவுக்கு மட்டும் உயர்ந்து வழியை விடும், அதனால் அது கொஞ்சம் பொறுத்துப்போகும். நான் வாங்கியதற்கு அந்தப் பொறுமை கிடையாது.

கோபத்தோடு பழைய எஸ்யூவை எடுத்துத் துடைக்கும்போது எனக்கு வேறொரு இரவு நினைவுக்கு வந்தது. 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு பெற்றோல் இந்தப் பக்கம் வரவில்லை. கார் ஓடினது மண்ணெண்ணெயில். தங்கச்சி பிறந்த இரவு, அம்மா பின்சீற்றில் முனக, மருந்துப் போத்தலில் இருந்த அரை அவுன்ஸ் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக இதே வாய்க்குள் விட்டு இஞ்சினை இருமவைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்தவர் இதே அண்ணை. லேசில் ஆவியாகாத எண்ணெயைக் காற்றின் வேகம்தான் துளியாய் உடைக்க வேணும். வாய் சின்னனாக இருந்ததால் அன்றைக்குக் கார் ஓடியது. அவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

ஆனாலும் ஒன்றை மட்டும் என்னால் சிரித்து விடமுடியவில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியது. அந்த நேரம் பார்த்துத் தேவன்பிட்டிப் பெடியன் ஒருவனின் மோட்டருக்கு, "ஜெற் காணாது, துவாரத்தைப் பெருப்பி" என்று சொல்லியிருக்கிறார். அவனும் ஊசியால் குடைந்தான். கடலுக்குப் போய்வர நாலு லீற்றர் கூடக் குடித்தது. 1,360 ரூபாய், ஒவ்வொரு நாளும். மீன் படாத நாளிலும். புது ஜெற் வாங்கக் காசு சேருமட்டும் அவன் அப்படித்தான் ஓடினான். அண்ணை அந்தப் பக்கம் போகவேயில்லை.

பழைய எஸ்யூவைப் பூட்டினேன். இப்போது கார் முழங்காவில் போய் வருகிறது. போன கிழமை வந்தவர் பொனற்றுக்குள் எட்டிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. தட்டில் கிடந்த பெரியதில்தான் கண் நின்றது.

"உது சும்மாதானே கிடக்கு? அந்தோனியார்புரத்தில ஒரு பெடியன்ர சைக்கிளுக்குத் தேடுறம்."

மோட்டார் சைக்கிளைத்தான் சொல்கிறார். 125 சிசி.

"கொண்டு போங்கோ அண்ணை" என்றேன். பெருவிரலில் கொளுவிக்கொண்டு படலையைத் தாண்டிப் போனார். விரலுக்கு அது நன்றாகத் தளர்ந்துதான் கிடந்தது. விழாமல் மற்றக் கையால் தாங்கிக்கொண்டு போனார்.