வெங்காயப் பை கணக்கு

வா கண்ணு. காருக்கு முன்னாடி பலகை வெச்சுட்டியாமே? ஸ்ப்ளிட்டரா அது? நானும் பார்த்தேன், மண்ணைக் கொத்தற கலப்பையாட்டவே இருக்குது. உங்கப்பன் கத்துனா கத்தட்டும், நான் உன் கட்சி.

அது சும்மா பலகை இல்லைன்னு எனக்குந் தெரியும் சாமி. வெசையாப் போறப்ப மூக்குல மோதுற காத்து தேங்கி, பலகை மேல அமுக்கும். அடியில பூந்த காத்து சந்துல விருட்டுன்னு ஓடறதுல, அங்க அழுத்தம் கொறைஞ்சுபோகும். முன்சக்கரம் ரெண்டும் ரோட்டைக் கவ்விப் புடிக்கும். செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக்குல ஓட்டறவனுக்கு அது சோறு போடும்.

ஆனா நீ ஓட்டறது காந்திபுரம் நெரிசல்ல. சித்தெ கணக்குப் பாரு. வேகம் ரெண்டு மடங்கானா அமுக்கம் நாலு மடங்கு. 160ல 64 கிலோ அமுக்கற பலகை, 20ல ஒரே ஒரு கிலோதான் அமுக்கும். அதுக்கு பானெட் மேல ஒரு கிலோ சின்ன வெங்காயத்தைக் கட்டி வெச்சிருக்கலாம். சாயங்காலம் கொழம்புக்காவது ஆகியிருக்கும்.

பலகையை எதுல மாட்டுனே? பம்பர்லயா? அது வெறும் பிளாஸ்டிக்குத் தோலு கண்ணு. நெசமாவே காத்து அமுக்குச்சுன்னா தோலோட பிச்சுக்கிட்டு சக்கரத்துக்கடியில போயிரும். வெவரமானவன் சேஸிஸ்ல இருந்து தாங்கு குடுத்து, முன்னாடி ரெண்டு கம்பியும் இழுத்துக் கட்டுவான். அதோட முன்னாடி மட்டும் அமுக்குனா, வெசையா வளைக்கறப்ப வாலு நழுவும். அதனாலதான் ரேஸ்காரன் பின்னாடி றெக்கையும் சேத்து வெக்கறான்.

இனி வேகத்தடை. 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம்னு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் எழுதி வெச்சிருக்குது. நம்மூருல தடை போட்டவன் அந்தப் பொஸ்தகத்தைத் தொட்டதே இல்லை. பலகையோ தரையை ஒட்டி இருந்தாத்தான் வேலை செய்யும். ரெண்டுக்கும் சண்டை வந்தா, எது உடையும்னு நான் சொல்லோணுமா?

கழட்டச் சொல்லலை, சாமி. அது மேல ஏறி நில்லு. ரேஸ்காரங்க பார்க்கற பரிச்சை அதுதான். உடைஞ்சா அது அலங்காரம், விட்டுரு. தாங்குச்சுன்னா, பின்னாடி றெக்கைக்கு உங்கப்பன்கிட்டப் பணம் கேளு. நான் உன் கட்சிதான், ஆனா அன்னைக்கு மட்டும் எனக்கு வெளியூருல சோலி இருக்கும்.