கேட்பவர் மனம் கோணாத பதில்

யார் கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்வது முரடர்களின் வழக்கம். கேட்பவர் யார், எதைத் தாங்குவார் என்று முகம் பார்த்துப் பேசுவதல்லவா பண்பு! அதைக் கற்றுக்கொள்ள எங்கும் அலைய வேண்டாம். விண்டோஸ் 11 ஓடும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, "நீ எந்தப் பதிப்பு?" என்று கேட்டால் போதும்.

விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, எழும் பெட்டியில் 'வின்வர்' என்று அடியுங்கள். பெரிய எழுத்தில் விண்டோஸ் 11 என்று வரும். கீழே, உதாரணத்துக்கு, வெர்ஷன் 24எச்2, பில்ட் 26100, ஒரு புள்ளி, அதன்பின் இன்னும் சில இலக்கங்கள். மனசு குளிர்ந்துவிடும். அதே கையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'வெர்' என்று கேட்டால், 10.0 என்று தொடங்கும் பதில் வரும். ரெஜிஸ்ட்ரிக்குள் நுழைந்து பிராடக்ட் நேம் என்ற வரியைப் பார்த்தால் 'விண்டோஸ் 10 ப்ரோ' என்றிருக்கும். 8.1 வருவதற்கு முன் எழுதிய பழைய புரோகிராம் பழைய முறையில் விசாரித்தால், 6.2 என்று சொல்லி அனுப்பும். 6.2 என்றால் விண்டோஸ் 8. பாவம், வயதான புரோகிராம், புதிய எண்ணைக் கேட்டு அதிர்ச்சியில் விழுந்துவிடக் கூடாதே என்ற கரிசனம். பெண் பார்க்க வந்தவரிடம் ஒரு வயது, ரேஷன் கார்டில் ஒரு வயது என்று நம் வீடுகளில் இரண்டோடு திணறிப் போகிறோம். இங்கே ஒரே மேஜையில் மூன்று பதிப்புகள், ஒரு தடுமாற்றமும் இல்லாமல்.

இந்தக் கரிசனம் பரம்பரையாக வந்தது. விண்டோஸ் 7-க்கு ஊரறிந்த பெயர் ஏழு; வீட்டுக்குள் 6.1. முதல் இலக்கம் மாறினால், அதை மட்டும் பார்த்துவிட்டு ஓட மறுக்கும் புரோகிராம்கள் உண்டு. சோம்பலாக எழுதியவர்களைத் திருத்துவானேன், எண்ணையே திருத்திவிட்டால் ஆயிற்று! எட்டு 6.2 ஆனது, 8.1 வந்து 6.3 ஆனது. ஒன்பதைக் காணோம். காரணம் கேட்பது நாகரிகமில்லை.

வாக்குத் தவறாமைக்கும் வேறு உதாரணம் தேட வேண்டாம். விண்டோஸ் 10-தான் கடைசிப் பதிப்பு என்று 2015-ல் ஒரு மாநாட்டில் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் சொன்னார். 2021 அக்டோபரில் 11 வந்தது. பொறாமைக்காரர்கள் சிரித்தார்கள். உள்ளே இருக்கும் எண் இன்னும் 10.0 என்பதை அவர்கள் பார்க்கவில்லை. சொன்ன சொல்லை இதைவிட ரகசியமாகக் காப்பாற்றியவர் உண்டா?

பெயர் வைப்பதில் இருக்கும் தொலைநோக்கைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். 95, 98, 2000 என்று ஆண்டைச் சூட்டினார்கள். பிறகு எக்ஸ்பி என்று இரண்டெழுத்து, விஸ்டா என்று ஒரு சொல், திரும்ப எண். பத்துக்குள் நுழைந்ததும் ஆண்டையும் மாதத்தையும் ஒட்டி 1507, 1511, 1607 என்று போனார்கள். 2020-ன் முற்பாதிப் பதிப்புக்கு 2003 என்று வைத்தால் 'விண்டோஸ் சர்வர் 2003' என்ற பழைய சரக்கோடு மக்கள் குழம்பக்கூடும் என்று பதறி, 2004 என்று வைத்தார்கள். 2004-ஐ ஆண்டென்று யாராவது நினைப்பார்களா என்ன! பிறகு அரையாண்டுக் கணக்குக்கு மாறி, 2021-ன் பிற்பாதியில் விண்டோஸ் 10-க்கு 21எச்2 என்றும், விண்டோஸ் 11-க்கு, தனியாக யோசித்து, 21எச்2 என்றும் பெயரிட்டார்கள். மறு ஆண்டு இரண்டுக்கும் 22எச்2. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே பெயர் வைத்தால் ஒருவரை ஒருவர் குறைவாக நினைக்க மாட்டார்கள் பாருங்கள்.

ஹெல்ப் டெஸ்க் என்ற தொழிலையே இந்தப் பெருந்தன்மைதான் வாழ வைத்திருக்கிறது. எந்த ஆபீசிலும் காது கொடுத்தால் கேட்கலாம்:

"சார், வெர்ஷன் என்னன்னு பாத்தீங்களா?"

"21எச்2."

"பத்தா, பதினொண்ணா?"

"வெர் அடிச்சா 10.0-னு வருதே, அப்ப பத்துதானே?"

"பதினொண்ணுலயும் அப்படித்தான் சார் வரும். பில்ட் நம்பர் 22000-ஆ, அதுக்குக் கீழயா?"