நம்பர் மாமா

பெரம்பூர்க்காரர் யாரைக் கண்டாலும் நம்பர் மாமாவுக்குத் தனி மரியாதை. ஊர்ப்பாசம் என்று நினைக்க வேண்டாம். அவர் பிறந்தது கும்பகோணத்தில். காரணம் பின்கோடு. 600011 ஒரு பகா எண். "ஒன்றையும் தன்னையும் விட்டால் எவனாலும் வகுக்க முடியாது, சார்!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கும்போது, எதிரில் இருப்பவர் தானே பாடுபட்டுச் சாதித்ததுபோல் கொஞ்சம் வெட்கப்படுவார்.

மாமா சும்மா சொல்கிறவர் இல்லை. 774 வரையுள்ள 137 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்பு. அதற்குமேல் வேண்டியதில்லை, 775-ஐ 775-ஆல் பெருக்கினாலே 600011-ஐத் தாண்டிவிடும். கணக்குப் போட்டது ஒரு கல்யாணப் பத்திரிகையின் முதுகில். முகூர்த்தம் முடிந்த பிறகுதான் பத்திரிகையைத் திருப்பிப் பார்த்தார்.

தி.நகருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 600017 பதினொன்றால் மீதியில்லாமல் வகுபடும். தன்னை விட்டுவிட்டு மற்ற காரணிகளைக் கூட்டினால் தன்னளவுக்குக்கூடத் தேறாத குறைவெண். அடையாறு 600020 மிகையெண். காரணிகளின் கூட்டுத்தொகை அதையே மிஞ்சும். அடையாற்றில் வாடகை ஏன் அதிகம் என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

தெருவில் பாதிப்பேர் அவரை நியூமராலஜி ஜோசியர் என்று நம்புவதுதான் வேடிக்கை. பெயரில் இன்னொரு எழுத்தைச் சேர்த்தால் புரமோஷன் வருமா என்று கேட்டு வந்தவரிடம் மாமா வண்டி நம்பரைக் கேட்டார். 2025. "அடடா! இருபதையும் இருபத்தைந்தையும் கூட்டுங்கள், 45. அதன் வர்க்கமே 2025! தேவ்லாலிப் பள்ளி ஆசிரியர் கப்ரேகர் பெயரால் வழங்குகிற எண், உங்கள் 45!" வந்தவர் பரவசத்தோடு கிளம்பினார். புரமோஷன் வரவில்லை.

ராமானுஜன் டாக்ஸிக் கதையை மட்டும் அவரிடம் யாரும் ஆரம்பிக்கக் கூடாது. "கனங்களின் கூட்டல்தானே? குழந்தைக்கும் தெரியும். 1729-இன் இலக்கங்களைக் கூட்டினால் 19. திருப்பிப் போட்டால் 91. இரண்டையும் பெருக்கிப் பாரும்!" பெருக்கினால் 1729 வருகிறது. இந்த மனிதரை எப்படிக் கோபித்துக்கொள்வது?

போன வாரம் பார்சல் பையன் வாசலில் ஹெல்மெட்டோடு நின்று ஓ.டி.பி. கேட்டான். மாமா போனைப் பார்த்தார். 8126.

"தம்பி, ரெண்டே ரெண்டு குறையுது! 8128-ஆக இருந்தால் நிறைவெண்! 6, 28, 496, அப்புறம் 8128. காரணிகளைக் கூட்டினால் அட்சரம் பிசகாமல் அதே 8128. அடுத்தது 33550336 வரைக்கும் நாதியில்லை!"

பையன் காதில் விழுந்ததை அமுக்கினான்.

"சார், 8128 தப்புன்னு வருது."

"எது, 8128-ஆ தப்பு?" மாமா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். "யார்டா உங்க மேனேஜர்?"