சுமையதிகாரம்

பேஸ் கிடார்க்காரரின் உடைமைகளை வகுத்து நூல் செய்யப் புகுந்தோர் பலர். கடைக்காரர் விலையால் வகுத்தார். அது நூலன்று, பட்டியல். பழங்கருவி சேர்ப்பவர் மரத்தால் வகுத்தார். ஆல்டர் மரத்துக்கும் ஆஷ் மரத்துக்கும் உள்ள நாத வேறுபாட்டை அவர் ஒரு மணி நேரம் விரித்துரைப்பார்; கண்ணைக் கட்டிவிட்டு வாசித்துக் காட்டினால் பேச்சை மாற்றுவார். மூன்றாமவர் கம்பியின் எண்ணிக்கையால் வகுத்தார். இவருக்கு மட்டும் மரபின் துணை உண்டு. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று நரம்பெண்ணித்தான் யாழை நான்காக்கினார். அவ்வழியே பேஸும் நான்கு கம்பி, ஐந்து கம்பி, ஆறு கம்பி என மூவகைப்படும் என்பது இவர் கூற்று.

இதை மறுக்க வேண்டியிருக்கிறது. ஐந்து கம்பிக் கருவியில் கூடுதலாக வரும் பி கம்பி நொடிக்கு ஏறத்தாழ 31 முறை அதிரக்கூடியது. ஆசையோடு வாங்கியவர் அதைக் கட்டைவிரல் சாய்ந்துகொள்ளும் திண்ணையாகவே பயன்படுத்துகிறார். வாசிப்பது மற்ற நான்கைத்தான் எனில் வகை இரண்டாவது எப்படி? தவிர, திருவிழா மேடைக்குக் கீழே நிற்கும் சிறுவன் நான்கு கம்பியைப் பார்த்ததும், "அண்ணே, மீதி ரெண்டும் அறுந்துபோச்சா?" என்று கேட்கிறான். அவன் கணக்கில் பேஸ் என்றொரு கருவியே இல்லை; ரிப்பேர் ஆன கிடார்தான் உண்டு. ஊராருக்கு விளங்காத பகுப்பு கச்சேரிக்கு உதவாது.

ஆகவே இந்நூல் கருவிகளை, அவற்றைத் தூக்குபவரால் வகுக்கிறது. தானே தோளில் மாட்டிக்கொண்டு வருவது தற்சுமை. இன்னொருவர் கை கொடுத்தாலன்றி அசையாதது பிறர்சுமை. நாம் போகும் முன்பே அங்கே கிடப்பது இடச்சுமை. இம்மூன்றுக்கும் அடியில் ஒரே விதிதான்: சுமை அழியாது, தோள்தான் மாறும்.

விதிக்கு வரலாறே சாட்சி. 1951-க்கு முன் அமெரிக்க நடன மேடைகளில் கீழ்ச்சுரம் வாசித்தவர் ஆளுயர டபுள் பேஸைக் கட்டியிழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அவ்வாண்டு கலிஃபோர்னியாவில் உள்ள ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைச் சந்தைக்கு விட்டார். கிடாரைப் போலக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஃப்ரெட் இருப்பதால் சுரம் பிசகாது. எடை நான்கு கிலோ அளவு. ஆனால் டபுள் பேஸுக்கு வயிறு உண்டு, அதனால் சொந்தக் குரலும் உண்டு. ஃபெண்டரின் பலகைக்கு வயிறில்லை. மின்சாரம் இல்லாவிட்டால் அது அடுத்த நாற்காலிக்கும் கேட்காது. கருவியிலிருந்து இறங்கிய கனம் ஆம்பிளிஃபயருக்குள் ஏறி உட்கார்ந்தது. 1969-இல் ஆம்பெக் நிறுவனம் எஸ்விடி என்ற ஆம்பைக் கொண்டுவந்தது: 300 வாட், 14 வால்வு. அதற்கு ஜோடியான, பத்தங்குல ஸ்பீக்கர் எட்டு அடங்கிய பெட்டியை மேலை நாட்டு வாசிப்பாளர்கள் ஃபிரிட்ஜ் என்றே அழைக்கிறார்கள். இன்று விற்கும் அதன் வாரிசு 60 கிலோவைத் தாண்டும். விட்டுவந்த டபுள் பேஸோ பத்துப் பன்னிரண்டு கிலோதான் இருந்தது.

இவ்வளவு கனம் எதற்கு எனின், பழி இயற்கையின் மேல். பேஸின் இ கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது; அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். அவ்வளவு பெரிய அலையைக் கிளப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். காதும் ஒத்துழைப்பதில்லை. பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வரைந்து காட்டியபடி, ஆயிரம் ஹெர்ட்சில் முணுமுணுப்பைக்கூடப் பிடித்துவிடும் காது, 40 ஹெர்ட்சில் அதே அளவு ஒலியைக் கேட்டால் அப்படியொன்று இல்லவேயில்லை என்று சாதிக்கும். கிடார்க்காரர் 30 வாட்டில் தெருவை எழுப்பிவிடுகிறார். பேஸ்காரர் 300 வாட்டைச் செலவழித்து, "இப்ப லேசாக் கேக்குது" என்ற பாராட்டைப் பெறுகிறார். இதற்கு மேல் ஹாஃப்மன் என்பாரின் இரும்பு விதி வேறு இருக்கிறது. சிறிய பெட்டி, ஆழ்ந்த கீழ்ச்சுரம், குறைந்த வாட்டில் நிறைந்த ஒலி: இம்மூன்றில் எவையேனும் இரண்டைத்தான் பெறலாம். மூன்றும் தருவதாகச் சொல்லும் கடைக்காரரை மேலே கண்ட முதல் வகுப்பில் வைக்க.

இனித் தற்சுமை. இதன் தலைமைப் பொருள் கருவியே. உறையோடு முதுகில் மாட்டினால் அதன் கழுத்து, மாட்டியவர் தலைக்கு மேல் ஒரு முழம் நிற்கும். பைக்கில் போகும்போது இது பொருட்டல்ல. கல்யாண மண்டப வாசலில் கட்டிய வாழைக்குலையும் சீரியல் லைட் சரமும்தான் பொருட்டு. நிமிர்ந்தே நுழைந்தவர் மேடையேறும்போது அவருடைய ட்யூனிங் கீயில் மாவிலை இருக்கும். டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் ஒரு கணம் யோசிப்பார். அவர் யோசித்தால் லக்கேஜ், யோசிக்காவிட்டால் கலை.

தோள்பட்டையை அற்பமாக எண்ணுவோர் மூன்று மணி நேரக் கச்சேரி வாசித்தறியாதோர். நான்கு கிலோ, இரண்டங்குலப் பட்டையில் தொங்கினால் இடைவேளைக்குள் தோளை அறுக்கும். நான்கங்குலப் பட்டை அதே எடையைப் பரப்பி வைக்கும். சில கருவிகளில் தலைப்பக்கம் கனம் மிகுந்து, கையை எடுத்த மறுநொடி கழுத்து தரையை நோக்கிச் சாயும். அத்தகையவற்றின் சொந்தக்காரரை மேடையில் எளிதில் அடையாளம் காணலாம்: கைதட்டலுக்குக் கும்பிடு போட அவருக்கு ஒரு கைதான் மிச்சம்.

கம்பி குறித்து இரு நெறிகள் உண்டு. மாற்றாதோர் நெறிக்கு முதல்வர் டெட்ராய்ட் நகரின் ஜேம்ஸ் ஜேமர்சன். மோடவுன் நிறுவனத்தின் எண்ணற்ற பாடல்களுக்கு வலக்கையின் ஒற்றை விரலால் வாசித்தவர். தட்டைச் சுற்றுக் கம்பியை, அது அறுந்தாலன்றி மாற்றாதவர். அழுக்கு ஏற ஏற நாதம் முதிரும் என்பது இந்நெறியின் சித்தாந்தம். மாற்றுவோர் நெறிக்கு முதல்வர் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில். 1966-இல் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு உட்கார்ந்து உருட்டுச் சுற்றுக் கம்பியைச் செப்பம் செய்து, பேஸுக்குப் பியானோவின் கணீரை வாங்கித் தந்தவர். அந்தக் கணீர் வியர்வை பட்டால் மங்கும். வாரக் கணக்கில்தான் ஆயுள். பேஸ் கம்பி ஒரு செட்டின் விலையோ கிடார் கம்பி விலையைப் போலப் பல மடங்கு. இவ்விரண்டுக்கும் நடுவே நம் ஊரில் தழைத்தது மூன்றாவது நெறி: கொதிக்கவைப்போர். மங்கிய கம்பியைக் கழற்றிச் சுருட்டி, பாத்திரத்தில் நீரூற்றிக் கொதிக்கவிட்டுத் துடைத்து மாட்டினால், சுற்றுகளுக்கிடையே படிந்த பிசுக்கு கரைந்து, இரண்டு மூன்று கச்சேரிக்குக் கணீர் திரும்பும். பாத்திரம் வீட்டாருக்குத் தெரிந்ததா தெரியாததா என்பதைப் பொறுத்து இந்நெறி மேலும் இரண்டாகப் பிரியும்.

உள்ளே பிரியாம்ப் வைத்த கருவிக்கு ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று வேண்டும். கேபிளைச் செருகியவுடன் பேட்டரி வேலையைத் தொடங்கும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். சவுண்ட் செக் முடித்துக் கேபிளைப் பிடுங்காமல் டிபன் சாப்பிடப் போனவர், பிரதான விருந்தினர் மேடையேறும் நேரத்தில் பேட்டரி தேடுவார். அது ரிமோட்டுக்குப் போடும் பேட்டரி அன்று. பெட்டிக்கடையில் கேட்டால் சின்னதைத்தான் நீட்டுவார்கள். எனவே உபரி பேட்டரி தற்சுமையுள் கட்டாயம். உபரி கேபிளும் அவ்வாறே. பின் உடைந்த கேபிளைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டே முழுப்பாட்டு வாசிப்பது ஒரு தனிக்கலை, ஆயினும் இந்நூலின் எல்லைக்குப் புறம்பு.

பிறர்சுமை பற்றிப் பேச அதிகமில்லை. ஆம்பும் பெட்டியும் இதில் அடங்கும். "பிறர்" என்பது பெரும்பாலும் டிரம்மர். வேன் அவருடையது ஆகையால் அவரோடு பகை ஆகாது. கீபோர்டுக்காரருக்குத் தன் ஸ்டாண்டே தீராத வேலை. பாடகர் சுமப்பது வெந்நீர் ஃபிளாஸ்க் ஒன்றே. அதையும் சிலர் கோரஸ் பாடும் பெண்ணிடம் கொடுத்துவிடுகிறார்கள். கிளாஸ் டி மின்சுற்றும் நியோடிமியம் காந்தமும் வந்தபின் இவ்வகுப்பு மெலிந்துவருகிறது. 500 வாட் ஆம்பு இன்று மூன்று கிலோவுக்குள் வந்து, கருவிப் பையின் முன் ஜிப்பிலேயே அடங்குகிறது. சுமை ஒழிந்தது, விதி பொய்த்தது என்று கைகொட்டுவோர், டெம்போவின் பின்கதவைத் திறந்து பார்க்க: பதினெட்டங்குல ஸ்பீக்கர் பெட்டிகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கிக்கொண்டிருக்கும் சவுண்ட் சர்வீஸ் பையன்களே புதிய தோள்கள்.

அவர்களோடு இடச்சுமை தொடங்குகிறது. மூன்றனுள் இதுவே வலியது, ஏனெனில் இதில் எதுவும் பேஸ்காரர் கையில் இல்லை. ஆல்டரா ஆஷா என்று தேர்ந்து, கம்பியைக் கொதிக்கவைத்து, கட்டைவிரலையும் பழக்கி அவர் கொண்டுவந்த நாதம், மேடைத் தரையில் கிடக்கும் டிஐ பாக்ஸ் என்ற சிறு பெட்டி வழியாக நீண்ட கேபிளில் இறங்கி மிக்சருக்குப் போகிறது. அங்கே சவுண்ட் அண்ணன் ஒரு குமிழைத் திருகுகிறார். கூட்டம் கேட்பது அந்தக் குமிழைத்தான். ஆகையால் கச்சேரிக்கு முன் அவருக்கு டீ வாங்கிக் கொடுப்பதும் நாத சாதனைகளுள் ஒன்று.

அடுத்தது இரைச்சல். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. எர்த் சரியில்லாத மேடையில் அந்த 50 ஹெர்ட்சும் அதன் மடங்குகளும் 'ம்ம்ம்' என்று ஸ்பீக்கரில் ஊறும். பேஸின் இ கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டில் பிறக்கும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். அதாவது இந்தியக் கச்சேரி அனைத்துக்கும் மின்வாரியம் கட்டணமின்றி ஒரு தம்பூராவைப் போட்டிருக்கிறது. சுருதி மட்டும் ஜிக்கு ஒரு மயிரிழை மேலே. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அது ஆறாம் ஃப்ரெட்டுக்கும் ஏழாம் ஃப்ரெட்டுக்கும் நடுவே விழுந்து எதனோடும் சேராது. ஆடி மாத அம்மன் கோயில் மேடை இன்னும் நுட்பமானது. அங்கே ஜெனரேட்டர் ஓடும். நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினால்தான் அது 50 ஹெர்ட்ஸ் தரும். ஃபோகஸ் லைட்டை எல்லாம் ஒரே நேரத்தில் போட்டதும் என்ஜின் திணறி, இரைச்சலின் சுருதி இறங்கி, பிறகு மெல்ல ஏறி நிலைக்கு வரும். கமகம் எனலாம்.

இரைச்சலைப் போக்க டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு விசை இருக்கிறது. அதைத் தட்ட வேண்டும். பிளக்கின் எர்த் பின்னை ஒடித்தெறியும் வழக்கம் விளையாட்டுக்கும் இந்நூலில் இடம்பெறாது. 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சியில் ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிடார்க்காரர் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். கம்பியில் ஈரக் கையும் உதட்டருகில் மைக்கும் வைத்திருப்பவர் எவரும் கச்சேரிக்கு முன் டெஸ்டரால் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது நன்று.

மண்டபமும் இடச்சுமையே. கிரானைட் தரை, டைல்ஸ் சுவர், உயர்ந்த கூரை. மேல்சுரங்கள் கூட்டத்தின் பட்டிலும் உடம்பிலும் பட்டு அடங்கும்; கீழ்ச்சுரம் எதற்கும் அடங்காமல் சுவரையும் கடக்கும். 'இளைய நிலா' பாட்டின் தொடக்கத்துக் கிடாருக்கு முன்வரிசை கைதட்டும்போது, கீழ்த்தளத்துப் பந்தியில் இலை முன் உட்கார்ந்திருப்பவருக்குப் பாட்டும் கிடாரும் போய்ச் சேராது. பேஸ் மட்டும் சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருக்கும். இதன் விளைவாக மேடைக்கு வருபவர் பெண்ணின் பெரியப்பா: "தம்பி, அந்தத் தும்தும்மைக் கொஞ்சம் கம்மி பண்ணுப்பா, நெஞ்சுல அடிக்குது." ஆம்பைக் குறைத்துப் பயனில்லை, ஓசை வருவது சவுண்ட் அண்ணனின் பெட்டியிலிருந்து. ஆனாலும் பெரியப்பா பார்க்க ஒரு குமிழைத் தொட வேண்டும். எதனோடும் இணைக்கப்படாத குமிழ் ஒன்று இதற்கென்றே இருத்தல் சிறப்பு.

இங்கே தடையொன்று எழும். கீபோர்டுக்காரர் இடக்கையால் பேஸ் வாசிக்கிறாரே. மைனஸ் ஒன் ட்ராக்கில் பேஸும் பதிவாகி வருகிறதே. அப்போது தற்சுமை எங்கே, பிறர்சுமை எங்கே? விடை: அங்கும் விதி பிழைக்கவில்லை. சுமை பென்டிரைவுக்குப் போய்விட்டது. அமைப்பாளருக்கு ஓராள் சம்பளம் மிச்சம், வேனில் ஓரிடம் காலி. அந்த இடத்தில் பாடகரின் ஃபிளாஸ்க் வருகிறது.

எஞ்சிய ஒன்றைப் புறனடையில் வைக்கிறோம்: பாக்கி. அட்வான்ஸ் வாங்கி, கச்சேரி முடித்து, "மீதி நாளைக்கு ஜிபே பண்ணிடறேன் தம்பி" என்று சொல்லப்பட்ட தொகை எவ்வகைச் சுமை? பணம் பிறரிடம் இருப்பதால் பிறர்சுமை என்பர் ஒரு சாரார். நினைப்பு நம்மிடம் இருப்பதால் தற்சுமை என்பர் மற்றொரு சாரார். மூன்றாவது சாரார் வாதத்தில் இறங்காமல், பழைய எட்டு ஸ்பீக்கர் பெட்டியை டிரம்மர் வேனில் ஏற்றிப் போய் அமைப்பாளர் வீட்டு வாசற்படியில் இறக்கிவிட்டு, வேன் அடுத்த ஊர் போகிறது, திரும்பும்போது எடுத்துக்கொள்கிறோம் என்பர். அவர் கார் வெளியே வர வேண்டுமானால் நாலு ஆள் வேண்டும். மூன்று கிலோ ஆம்பால் இது ஆகாது.