திருவாலங்காடும் திருவள்ளுவரும் ஒன்றா?

கே: எங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் ‘டி’ போடுகிறார், இன்னொருவர் ‘டிஎச்’ போடுகிறார். கம்ப்யூட்டர் குழம்பாதா? (வாசகர், திருவாலங்காடு)

ப: குழம்பாது. ‘எச்’சின் கதையை 1918-லேயே முடித்துவிட்டார்கள்! அமெரிக்கர் ராபர்ட் ரஸ்ஸல் அந்த ஆண்டு காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ், முதல் எழுத்தை வைத்துக்கொண்டு உயிரெழுத்துகளையும் ‘எச்’சையும் தள்ளிவிடும். மிச்ச மெய்களில் ஒலி நெருங்கியவற்றுக்கு ஒரே எண். எப்படி எழுதினாலும் திருவாலங்காடு டி-614.

சிக்கல் வேறிடத்தில். மூன்று எண்ணோடு அது நின்றுவிடுவதால் மாவட்டத் தலைநகர் திருவள்ளூரும் டி-614. அவ்வளவு ஏன், திருவள்ளுவரே டி-614!

இங்கே கைகொடுப்பது சோவியத் கணித அறிஞர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-இல் தந்த கணக்கு. ஒரு பெயரை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும்? ‘டி’க்கும் ‘டிஎச்’சுக்கும் தொலைவு 1, திருவாலங்காட்டிலிருந்து திருவள்ளூருக்கு 6. முதலில் ஒலியால் சலித்து, பிறகு இப்படி எண்ணுவதே நல்லது. வாக்காளர் பட்டியலிலும் பட்டாவிலும் ஆள் மாறினால் அவதிப்படுவது மனிதர்கள்.

தஞ்சாவூரையும் வெள்ளைக்காரர் எழுதிய ‘டாஞ்சூ’ரையும் சேர்க்க இரண்டுமே போதாது. சவுண்டெக்ஸ் டி-521, டி-526 என்று பிரித்துவிடும். லெவன்ஷ்டைன் தொலைவோ 5. அதற்குப் பழைய, புதிய பெயர்களை ஆள் உட்கார்ந்து தொகுத்த பட்டியல்தான் வேண்டும்.